தபாலும் குண்டும்: 1919இன் ஆகாயப் பாதையை வாசித்தல்

1

விமான வரலாறு எழுதுகிறவர்களுக்கு 1919 ஒரு திருவிழா ஆண்டு. அந்த ஆண்டு ஜூன் 14ஆம் தேதி ஜான் அல்காக், ஆர்தர் விட்டன் பிரவுன் என்ற இருவர் நியூஃபவுண்ட்லாந்தில் கிளம்பினார்கள். நடுவில் எங்கும் இறங்காமல் ஏறத்தாழ பதினாறு மணி நேரத்தில் அட்லாண்டிக்கைத் தாண்டி, மறுநாள் அயர்லாந்தில் ஒரு சதுப்பு நிலத்தில் மூக்குக் குத்தி நின்றார்கள். நவம்பர் 12ஆம் தேதி ராஸ் ஸ்மித், கீத் ஸ்மித் என்ற ஆஸ்திரேலிய சகோதரர்கள் லண்டன் பக்கத்தில் ஹௌன்ஸ்லோவில் கிளம்பி, டிசம்பர் 10ஆம் தேதி ஆஸ்திரேலியாவின் வடகரையில் டார்வினில் இறங்கினார்கள். 28 நாளுக்குள் சுமார் 18,000 கிலோமீட்டர். இரண்டு பயணத்துக்கும் பரிசு பத்தாயிரம் பவுன். நான்கு பேருக்கும் 'சர்' பட்டம். பள்ளிக்கூடப் பொது அறிவுப் புத்தகம் வரைக்கும் வந்து சேர்ந்துவிட்ட செய்திகள் இவை.

அதே 1919க்கு இன்னொரு பட்டியலும் போடலாம். ஏப்ரல் 13 ஜாலியன்வாலாபாக் நமக்குத் தெரியும். மறுநாள், ஏப்ரல் 14, லாகூரிலிருந்து கிளம்பிய ராயல் விமானப்படை விமானங்கள் பஞ்சாபின் குஜ்ரன்வாலா ஊர்மேலும் பக்கத்துக் கிராமங்கள்மேலும் குண்டு போட்டன. இயந்திரத் துப்பாக்கியாலும் சுட்டன. கால்சா உயர்நிலைப் பள்ளி விடுதி வளாகத்திலும் குண்டு விழுந்தது. கொஞ்சம் பேர் செத்தால் மற்றவர்கள் கூட்டம் கூட மாட்டார்கள், அவர்கள் நன்மைக்காகத்தான் செய்தேன் என்ற பொருளில் விமானி கார்பெரி, பின்னர் ஹண்டர் விசாரணைக் குழுவின்முன் சாட்சி சொன்னார். மே 24ஆம் தேதி, பிரிட்டிஷார் 'பேரரசு தினம்' கொண்டாடிக்கொண்டிருந்த அன்றைக்கு, காபூலில் அரசர் அமானுல்லாவின் அரண்மனைமேல் குண்டு விழுந்தது.

இந்த இரண்டு பட்டியலும் வழக்கமாக ஒரே புத்தகத்தில் வருவதில்லை. முதலாவது 'சாகசம்' என்ற அலமாரிக்குப் போகிறது. இரண்டாவது 'காலனிய வரலாறு' அல்லது 'ராணுவ வரலாறு' என்ற அலமாரிக்குப் போகிறது. அலமாரியை யார் பிரித்தார்கள், என்னத்துக்குப் பிரித்தார்கள் என்பதுதான் என் கேள்வி. இரண்டும் ஒரே வரலாறு என்கிறேன். இதை உருவகமாகச் சொல்லவில்லை. விமானம் ஒன்று, ஆட்கள் ஒன்று, பாதை ஒன்று என்கிற நேரடி அர்த்தத்தில்தான் சொல்கிறேன்.

2

ஒரு விமானத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஹேண்ட்லி பேஜ் வி/1500. நான்கு எஞ்சின்கள் பூட்டிய ராட்சதப் பறவை. இங்கிலாந்திலிருந்து கிளம்பி பெர்லின்மீது குண்டு போட்டுத் திரும்ப வேண்டும் என்று திட்டமிட்டுச் செய்தது. அது போருக்குத் தயாரான சமயத்தில், 1918 நவம்பர் 11ஆம் தேதி, போர் முடிந்துவிட்டது. பெர்லின் தப்பியது.

வேலையற்றுப்போன அந்த ரகத்தில் ஒன்றை இந்தியாவுக்குப் பறக்கவிடலாம் என்று முடிவானது. 1918 டிசம்பர் 13ஆம் தேதி மேஜர் மாக்லாரனும் காப்டன் ராபர்ட் ஹாலியும் அதை ஓட்டிக்கொண்டு கிளம்பினார்கள். மூன்று மெக்கானிக்குகள் கூட இருந்தார்கள். இந்தியாவில் விமானப்படைக்குப் பொறுப்பேற்க வந்த பிரிகேடியர் ஜெனரல் மெக்யூவன் பயணி. விமானத்துக்கு வைத்த பெயர் 'ஓல்ட் கார்தூசியன்'. அதாவது சார்ட்டர்ஹவுஸ் என்ற மேட்டுக்குடிப் பள்ளிக்கூடத்தின் பழைய மாணவன். ரோம், மால்டா, கெய்ரோ, பாக்தாத் வழியாக வந்தது. மக்ரான் கடற்கரைப் பக்கம் எஞ்சின்கள் மக்கர் செய்து, நான்கில் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு 1919 ஜனவரி நடுவில் கராச்சி வந்து சேர்ந்தது. இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்குப் பறந்து வந்த முதல் விமானம் இதுதான். சாகச அலமாரியில் இதற்கு ஓர் இடம் உண்டு.

நான்கு மாதம் கழித்து மூன்றாவது ஆப்கானிஸ்தான் போர் தொடங்கியது. எல்லையில் இருந்த சின்ன விமானங்கள் பழசு. மலைகளைத் தாண்டிக் காபூல் போய்த் திரும்ப அவற்றால் ஆகாது. பழைய மாணவனைத் தேடினார்கள். மே 24 அதிகாலை ரிசால்பூரிலிருந்து அதே ஹாலி, அதே விமானத்தில் கிளம்பினார். 112 ராத்தல் எடையுள்ள நான்கு குண்டுகள், 20 ராத்தல் எடையுள்ள பதினாறு குண்டுகள். பெர்லினுக்கென்று செய்தது காபூலில் விழுந்தது.

அமானுல்லா பின்னர் வைஸ்ராய்க்கு ஒரு கடிதம் எழுதினார். ஜெர்மன் செப்பலின்கள் லண்டன்மேல் குண்டு போட்டபோது அதைக் காட்டுமிராண்டித்தனம் என்று கண்டித்தீர்கள், இப்போது பார்த்தால் நாகரிகம் அடைந்த எல்லோருக்குமே அது பழக்கம்தான் போலிருக்கிறது என்பது அதன் சாரம். காலனியத்தின் 'நாகரிகம்' என்ற சொல்லாடலை அதன் சொந்த வார்த்தைகளாலேயே கட்டவிழ்த்த கடிதம் அது. இதைப் படித்த பிறகு, இங்கிலாந்து - இந்தியா முதல் பறத்தல் என்ற வரியை அப்பாவியாகப் படிக்க என்னால் முடியவில்லை. அந்தப் பறத்தலின் கடைசிக் கட்டம் கராச்சியில் முடியவில்லை. காபூலில்தான் முடிந்தது.

3

ராஸ் ஸ்மித்தின் கதை இன்னும் சிக்கலானது. ஆஸ்திரேலியாவுக்குப் பறந்து புகழ்பெறுவதற்கு ஓராண்டு முன்பே, 1918 நவம்பர் இறுதியில், அவர் வேறொரு ஹேண்ட்லி பேஜ் விமானத்தில் கெய்ரோவில் கிளம்பி டிசம்பரில் கல்கத்தா வந்திருந்தார். ஜெனரல் சால்மண்ட், ஜெனரல் போர்ட்டன் உடன் வந்தார்கள். மெக்கானிக்குகள் ஜேம்ஸ் பென்னட், வாலி ஷியர்ஸ். அந்த விமானம் அதற்கு முன்னால் பாலஸ்தீனப் போர்முனையில் இருந்தது.

கல்கத்தாவுக்கு அப்பால் விமானம் இறங்க இடம் கிடையாது. போர்ட்டனும் ஸ்மித்தும் கப்பலில் போய் இடம் பார்த்தார்கள். பெட்ரோலையும் கப்பலிலேயே ஏற்றினார்கள். அந்தக் கப்பல் சிட்டகாங்கில் தீப்பிடித்து அழிந்தது. வேறு கப்பலில் போனார்கள். ஆகாயப் பாதை என்று நாம் சொல்கிறோமே, அது முதலில் கப்பலில் போய்த்தான் போடப்பட்டது. வேலை முடித்துத் திரும்பி வந்து பார்த்தால் விமானத்தைக் காணோம்! ஆப்கானியர்கள்மேல் குண்டு போட வடமேற்கு எல்லைக்குக் கொண்டுபோயிருந்தார்கள். அங்கே புயலில் சிக்கி அது நொறுங்கிவிட்டது. அதனால்தான் ஸ்மித் இங்கிலாந்து போய் வேறு விமானம் தேட வேண்டி வந்தது. கிடைத்தது விக்கர்ஸ் விமி. அதுவும் ஜெர்மனிமேல் குண்டு போடுவதற்காகச் செய்த ரகம்தான். அல்காக்கும் பிரவுனும் ஓட்டியதும் அதே ரகம்.

இனி அந்த 28 நாள் பயணத்தைத் தரையிலிருந்து பார்ப்போம். உண்மையில் ஆகாயத்தில் இருந்தது 135 மணி நேரத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான். ஆறு நாள்கூட இல்லை. மிச்ச நேரமெல்லாம் தரையில். பெட்ரோல் ஊற்றுவது, எஞ்சினைக் கழற்றி மாட்டுவது, சேற்றிலிருந்து இழுப்பது, மறுநாள் ஓடுபாதைக்குக் காத்திருப்பது. சாகசக் கதையாடல் அந்த 135 மணி நேரத்தைச் சொல்கிறது. மிச்சமுள்ள இருபத்திரண்டு நாளைக் குறிப்புகளாக ஓரத்தில் தள்ளிவிடுகிறது. நான் ஓரத்தைத்தான் படிக்கச் சொல்கிறேன்.

சயாமின் சிங்கோராவில் விமானத்தின் வால்கட்டை உடைந்தது. பென்னட் ஓர் அரிசி ஆலைக்குப் போய் அங்கிருந்த கடைசல் எந்திரத்தில் புதிய பாகம் செய்து மாட்டினார். ஜாவாவின் சுரபயாவில் இறங்கியதும் விமானம் சேற்றில் புதைந்தது. மேலே பார்க்கப் புல்தரை, அடியில் சகதி. என்ன செய்தார்கள்? சுற்றுவட்டாரத்து மக்களை மூங்கில் பாய்கள் கொண்டுவரச் சொன்னார்கள். பாய் என்றால் படுக்கிற பாய் மட்டும் என்று நினைக்க வேண்டாம். அங்கே வீட்டுச் சுவரே மூங்கில் பாய்தான். வீடுகளையே முதுகில் சுமந்து வந்தார்கள் என்கிற மாதிரி ஸ்மித்தே தன் பயணநூலில் எழுதியிருக்கிறார். ஏறத்தாழ முந்நூறு கஜத்துக்கு அந்தப் பாய்களைப் பரப்பி, அதன்மேல் ஓடித்தான் விமானம் எழும்பியது.

ஸ்மித் இதை மறைக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வியந்து, கொஞ்சம் வேடிக்கையாகக்கூட எழுதுகிறார். காலனியப் பிரதி எப்போதும் பொய் சொல்வதில்லை. நிறைய நேரம் உள்ளதைச் சொல்லிவிட்டு, அதை வேடிக்கை என்று வகைப்படுத்திவிட்டுப் போய்விடுகிறது. யாரோட வீட்டுச் சுவர், யார் கொண்டுவரச் சொன்னார்கள், மாட்டேன் என்று ஒருவன் சொல்லியிருக்க முடியுமா என்ற கேள்விகள் அந்த வகைமைக்குள் எழவே முடியாது.

பென்னட், ஷியர்ஸ் விஷயமும் உண்டு. பரிசுப் பணம் நான்கு பங்காகச் சமமாகப் பிரிக்கப்பட்டது. ஆளுக்கு 2,500 பவுன். இது ஸ்மித் சகோதரர்களுக்குப் பெருமை. ஆனால் அரசாங்கம் வேறு தராசு வைத்திருந்தது. சகோதரர்கள் இருவருக்கும் 'சர்' பட்டம். சார்ஜெண்டுகள் இருவருக்கும் ஏற்கெனவே வாங்கிய பதக்கத்தோடு ஒரு பட்டை. ஒரே விமானம், ஒரே ஆபத்து, இரண்டு வர்க்கம். 1922 ஏப்ரல் 13ஆம் தேதி இங்கிலாந்தில் புதிய விமானம் ஒன்றைச் சோதித்தபோது ராஸ் ஸ்மித்தும் பென்னட்டும் ஒன்றாக விழுந்து செத்தார்கள். சாவு மட்டும் பட்டம் பார்க்கவில்லை.

4

சாகசக்காரன் போய்விட்ட பாதையில் அடுத்து யார் வருகிறார்கள்? இதுதான் இந்த வரலாற்றின் முக்கியமான கேள்வி என்று எனக்குப் படுகிறது.

1920இல் ஈராக்கில் பிரிட்டிஷாருக்கு எதிராகப் பெரும் எழுச்சி ஏற்பட்டது. அதை அடக்கச் செலவு எகிறியது. 1921 மார்ச்சில் கெய்ரோவில் சர்ச்சில் கூட்டிய மாநாட்டில் ஒரு சிக்கன வழி பேசப்பட்டது. காலாட்படையைக் குறைத்து, ஆகாயத்திலிருந்து நாட்டை ஆளலாம். 1922 அக்டோபரில் ஈராக்கின் பாதுகாப்பு ராயல் விமானப்படையின் கைக்குப் போனது.

அதே 1921இல் கெய்ரோ - பாக்தாத் ஆகாயத் தபால் தொடங்கியது. நடுவில் பாலைவனம். விமானிகள் வழி தவறக் கூடாதே! கார்கள் இரண்டு பக்கத்திலிருந்தும் கிளம்பிப் போய்த் தடம் போட்டன. தடம் தெரியாத இடங்களில் ஏர் பூட்டிச் சால் இழுத்தார்கள். எழுத்துகளும் எண்களும் இட்ட இறங்குதளங்கள் வரிசையாக வந்தன. விமானி மேலிருந்து அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். விதைக்காத வயலில் இழுத்த சால்! வரைபடத்தில் அது வெற்றுப் பாலைவனம். ஆடு, ஒட்டகம் மேய்க்கிற பெதுவின் குடிகளுக்கு அது மேய்ச்சல் நிலம், கிணறு, போக்குவரத்து. மனிதர் இல்லாத வெளி என்ற கற்பிதத்தின்மேல்தான் அந்தக் கோடு விழுந்தது.

தபாலைக் கொண்டுபோன படைப்பிரிவுகளில் ஒன்று 45ஆவது ஸ்குவாட்ரன். அதன் விமானம் விக்கர்ஸ் வெர்னன். ராஸ் ஸ்மித் ஓட்டிய விமியின் நேர் வாரிசு. 1922 கடைசியில் அதன் தலைமைக்கு வந்தவர் ஆர்தர் ஹாரிஸ். துருப்புகளும் தபாலும் சுமந்துகொண்டிருந்த வெர்னனின் மூக்கில் ஓட்டை போட்டு, குறிபார்க்க இடம் செய்து, குண்டு மாட்டக் கொக்கி பொருத்தினார். தபால் போன விமானமே குண்டும் போட்டது. 1923இல் சமாவா பகுதியில் வரி கட்டாத குடிகள்மேல் விமானங்கள் குண்டு போட்டன. இதே ஹாரிஸ்தான் இரண்டாம் உலகப்போரில் பிரிட்டனின் குண்டுவீச்சுப் படைக்குத் தலைவரானார். 1943இல் ஹாம்பர்க், 1945இல் டிரெஸ்டன். ஐரோப்பா தன் ஊர்கள் எரிந்தபோதுதான் அதிர்ந்தது. ஒத்திகை இருபது வருஷத்துக்கு முன்னாடியே பூர்வகுடிகளின் மண் வீடுகள்மேல் நடந்து முடிந்திருந்தது.

ஒருத்தருக்குக்கூட மனசாட்சி உறுத்தவில்லையா? உறுத்தியது. அங்கே மூத்த அதிகாரியாக வந்த லயனல் சார்ல்டன், திவானியா மருத்துவமனையில் குண்டடிபட்டுக் கிடந்தவர்களைப் பார்த்தார். இதில் எனக்குப் பங்கு வேண்டாம் என்று பொறுப்பிலிருந்து விலகினார். மேலிருந்து பார்த்தபோது தெரியாதது, தரையில் ஒரு கட்டில் பக்கத்தில் நின்றபோது தெரிந்தது.

1927இல் அந்தத் தபால் பாதை இம்பீரியல் ஏர்வேஸ் கம்பெனிக்குக் கைமாறியது. 1929 மார்ச் 30ஆம் தேதி லண்டன் - கராச்சி சேவை தொடங்கியது. ஏழு நாள் பயணம், 130 பவுன் கட்டணம். பாரசீகம் தன் கடற்கரையில் தொடர்ந்து இறங்க அனுமதி தர மறுத்ததால், 1932இல் பாதை வளைகுடாவின் அரேபியக் கரைக்கு மாறியது. ஷார்ஜா ஷேக்கோடு ஒப்பந்தம். அவருடைய குடும்பத்திலேயே எதிர்ப்பு இருந்தது. அதையும் மீறித் தளமும் கோட்டை மாதிரி ஒரு தங்குமனையும் எழும்பின. ஷேக்குக்கு மாத வாடகை இந்திய ரூபாயில். அந்தக் கரையில் அன்றைக்குப் புழங்கிய காசும் அதுதான்.

5

அந்தப் பாதையின் நுனி நம்ம ஊர் வரைக்கும் வந்தது. 1932 அக்டோபர் 15ஆம் தேதி ஜே.ஆர்.டி. டாட்டா, கராச்சியில் இம்பீரியல் ஏர்வேஸ் கொண்டுவந்த தபாலை வாங்கிக்கொண்டு ஒரு சின்ன பஸ் மாத் விமானத்தில் அகமதாபாத் வழியாகப் பம்பாய் வந்தார். அங்கிருந்து ராயல் விமானப்படையின் முன்னாள் விமானி நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாக மறுநாள் சென்னைக்குக் கொண்டுவந்தார். அகமதாபாத்தில் விமானத்துக்குப் பெட்ரோல் மாட்டுவண்டியில் வந்தது. பம்பாயின் ஜுஹு தளம் மழைக்காலத்தில் தண்ணீரில் மூழ்கிவிடும். பூனாவுக்கு மாற வேண்டியிருந்தது.

இதை இந்திய விமானப் போக்குவரத்தின் பிறந்தநாள் என்று கொண்டாடுகிறார்கள். கொண்டாடட்டும். 1930இல் ஆகா கான் அறிவித்த 500 பவுன் பரிசுக்காக ஆஸ்பி இஞ்சினியர், மன்மோகன் சிங், டாட்டா மூவரும் இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தனியாகப் பறந்ததில் ஒரு தேசியப் பெருமிதம் இருந்தது. வெள்ளைக்காரனால் மட்டும்தான் முடியும் என்ற பேச்சு அடிபட்டது. அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் பாதை யாருடையது என்ற கேள்வி அந்தப் பெருமிதத்தில் காணாமல் போனது. நாயகனின் நிறம் மாறியது. கதையாடல் மாறவில்லை. மாட்டுவண்டி ஓட்டி வந்தவனுக்கு அதில் அப்போதும் இடமில்லை, இப்போதும் இல்லை.

தோழர்கள் ஒன்று கேட்கலாம். அப்படியானால் அந்த மனிதர்களுடைய துணிச்சல் பொய்யா? பொய்யில்லை. ஆஸ்திரேலியப் போட்டியில் ஆறு விமானங்கள் கிளம்பின. கிளம்பிய சில நிமிஷத்தில் லண்டன் பக்கத்திலேயே ஒன்று விழுந்து இருவர் செத்தார்கள். இன்னொன்று கோர்ஃபு தீவருகே கடலில் விழுந்து இருவர். திறந்த இருக்கை, முகத்தில் பனி, கையில் ஒரு திசைகாட்டி. பயந்துகொண்டே பறந்திருப்பார்கள். அந்தத் துணிச்சலை மதிக்கலாம். துணிச்சலைக் காட்டி, அது யாருக்கு வழி திறந்தது என்பதை மறைப்பதைத்தான் ஏற்க முடியாது. தொழில்நுட்பத்தை மறுக்கிற வாதமும் இது கிடையாது. விமானம் கடிதமும் மருந்தும் கொண்டுவரும். கொண்டும் வந்தது. ஆனால் எது முதலில் வந்தது, எதற்காகத் தளம் வெட்டப்பட்டது என்ற வரிசையை மாற்றிச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை. 1919இல் குண்டு விழுந்த அதே எல்லைப்புறத்தில், வசீரிஸ்தானில், 2004 முதல் ஆளில்லா விமானங்கள் குண்டு போட்டன. இந்தத் தடவை விமானியின் துணிச்சல் என்ற முகமூடிகூடத் தேவைப்படவில்லை.

6

எழுதுகிறவர்களுக்கு ஒரு செய்தியோடு முடிக்கிறேன். 1927 மே மாதம் சார்லஸ் லிண்ட்பர்க் நியூயார்க்கிலிருந்து பாரிசுக்குத் தனியாகப் பறந்தார். முப்பத்து மூன்றரை மணி நேரம். பிரெக்ட் 1929இல் அதை ஒரு வானொலி நாடகமாக எழுதினார். இசை கர்ட் வைல், ஹிண்டமித். லிண்ட்பர்க்கின் பெயர் தலைப்பிலேயே இருந்தது. பிறகு லிண்ட்பர்க் நாஜிகளோடு நெருங்கினார். 1938இல் கோரிங் கையால் பதக்கம் வாங்கினார். போருக்குப் பின் ஒரு ஜெர்மன் வானொலி அந்த நாடகத்தை ஒலிபரப்ப அனுமதி கேட்டபோது, பிரெக்ட் ஒரு நிபந்தனை போட்டார். தலைப்பில் லிண்ட்பர்க் பெயர் கூடாது, 'கடல்மேல் பறத்தல்' என்று மாற்றுங்கள். உள்ளே நாயகன் தன் பெயரைச் சொல்கிற இடத்தில், என் பெயர் முக்கியமில்லை என்று வரட்டும்.

பெயரை அழிப்பதும் ஒரு விமர்சனம் என்று பிரெக்ட் காட்டினார். அது பாதி வேலை. நாயகனின் பெயரை எடுத்தால் அந்த இடம் காலியாக நிற்கும். அதில் ஏற்கெனவே பெயர் இல்லாமல் போனவர்களை யார் கொண்டுவந்து நிறுத்துவது? அவர்களுடைய பெயர்கள் நமக்குக் கிடைக்கப் போவதில்லை. ஆனால் அவர்கள் செய்த வேலை ஆவணங்களில், பயணநூல்களில், விசாரணைக் குழு அறிக்கைகளில் ஓரமாக இருக்கிறது. பாய் கொடுத்தார்கள், தளம் வெட்டினார்கள், பெட்ரோல் சுமந்தார்கள், குண்டுக்குக் கீழே நின்றார்கள். அந்த ஓரங்களைச் சேர்த்து எழுதினால் போதும், வரலாறு தானாகவே வேறு மாதிரி வாசிக்கப்படும்.

ராஸ் ஸ்மித்தின் விமி விமானம் இன்றும் அடிலெய்டு விமான நிலையத்தில் காட்சிக்கு இருக்கிறது. அல்காக்கின் விமி லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சுரபயாவின் மூங்கில் பாய்களில் ஒன்றை அவற்றின் சக்கரத்துக்கடியில் விரித்து வைத்தால்தான் அந்தக் காட்சி முழுமையாகும்.